ஷட்டவுன் நாளில் லேப்டாப்: சிபியு வேகத்துக்கு எங்கே அணை போடுவது?

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ராமேஸ்வரம் என்று துணைமின் நிலையத்தின் பெயர்தான் மாறும். பராமரிப்புப் பணிக்காகக் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மின் விநியோகம் இருக்காது என்ற ஷட்டவுன் அறிவிப்பு நம் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த ஏழு மணி நேரத்தை ஒரு லேப்டாப் சார்ஜர் இல்லாமல் தாண்டுமா? இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், சிபியு (லேப்டாப்பின் மூளையான சிப்) வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளில் எது உதவும், எது வீண் வேலை என்பது தெளிவாகிவிடும்.

கணக்கு எளிது. 45 வாட்-அவர் பேட்டரியை ஏழு மணி நேரத்துக்குப் பங்கு வைத்தால் சராசரியாக 6.4 வாட் கிடைக்கும். மூன்று நான்கு வருடம் ஓடி 36 வாட்-அவராகத் தேய்ந்துபோன பேட்டரி என்றால் 5.1 வாட். திரை வெளிச்சத்தைப் பாதியில் வைத்து டைப் செய்வது, எக்செல்லில் கணக்குப் போடுவது, படிப்பது போன்ற வேலைகளுக்கு இன்றைய சாதாரண லேப்டாப் ஒன்று கிட்டத்தட்ட இந்த அளவில்தான் இழுக்கும். ஆகவே 6.4 எட்டக்கூடிய எண்தான். ஆனால் பிரவுசரில் இருபது டேப், பின்னால் ஒரு அப்டேட், நடுவில் ஒரு வீடியோ கால் என்று போனால் சராசரி 12, 15 வாட்டைத் தொட்டுவிடும். 15 வாட்டில் அதே 45 வாட்-அவர் மூன்று மணி நேரம்தான். மதியம் ஒரு மணிக்கு மெஷின் படுத்துவிடும்.

வேகத்தைக் குறைத்தால் கரண்ட் மிச்சம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. வேலை செய்யும்போது சிப் எடுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப ஏறும். அதோடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்டித்தான் ஆக வேண்டும். அதனால் மேல் முனையில் உள்ள கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு ஆகும் செலவு, அது தரும் பலனுக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: நிதானமாகப் போகும்போது குடிக்கிற டீசலையும், முழு ஆக்சிலேட்டரில் கடைசி ஒன்றிரண்டு நாட் வேகத்துக்காகக் குடிக்கிற டீசலையும் பார்த்தவர்கள் அவர்கள்.

கீழ் முனையில் கதை வேறு. ஒரு எல்லைக்குக் கீழே வோல்டேஜ் இறங்காது. அதற்கு அப்புறம் வேகத்தைக் குறைத்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். அந்த நேரம் முழுக்கத் திரையும் ரேமும் வைஃபையும் எஸ்எஸ்டியும் தங்கள் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும். சிபியு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் அதன் கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகும். அங்கே அவை எடுப்பது ஒன்றுமில்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. தவழ விட்டால் அந்தத் தூக்கமும் கிடைக்காது.

எண்களோடு பார்த்துவிடலாம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் மெஷினில் வேறாக இருக்கும், ஆனால் போக்கு இதுதான். சிபியு தவிர மற்ற எல்லாம் சேர்ந்து 5 வாட் என்று வையுங்கள். ஒரு கனமான வேலை. டர்போவோடு (தேவைப்படும்போது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் ஏற்பாடு) ஓடினால் சிபியு 25 வாட் எடுத்து 10 நிமிடத்தில் முடிக்கிறது: மொத்தம் 5 வாட்-அவர். டர்போ இல்லாமல் 11 வாட்டில் 15 நிமிடம்: 4 வாட்-அவர். அடிமட்ட வேகத்தில் பூட்டி வைத்தால் 4 வாட்டில் 50 நிமிடம்: 7.5 வாட்-அவர். மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைத்துப் பூட்டியவருக்குத்தான் செலவு அதிகம்.

வேலை முடிந்ததும் மூடியா வைக்கிறோம், திறந்துதானே இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்றையும் ஒரே 50 நிமிடத்துக்கு நீட்டி, மீதி நேரத்துக்கு 5 வாட் வீதம் சேர்த்தால் டர்போ 8.3, டர்போ இல்லாதது 6.9, அடிமட்டம் 7.5 வாட்-அவர் வருகிறது. இப்போது அடிமட்டம் டர்போவை முந்திவிட்டது, ஆனாலும் நடுவில் உள்ளதுதான் ஜெயிக்கிறது. அதுவும் ஐந்து மடங்கு நேரம் காக்க வைக்காமல். அணை போட வேண்டியது உச்சியில், அடியில் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் அதை எந்தக் கருவியால் செய்வது என்ற பேச்சு.

டர்போவை முழுதாக அணைப்பதா, பாதியில் நிறுத்துவதா?

இங்கேதான் பலரும் ஒரே மருந்தை எல்லா மெஷினுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். இன்டெல்லின் ஐ7-9750எச் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வேகம் 2.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 4.5 வரை போகும். இதில் டர்போவை அணைத்தாலும் 2.6 இருக்கிறது, டாக்குமென்ட், பிரவுசர், கோடிங் எதற்கும் குறைச்சல் தெரியாது. சூடும் ஃபேன் சத்தமும் அடங்கிவிடும். யோசிக்காமல் அணைக்கலாம்.

ஐ5-8250யு அப்படி இல்லை. இந்த 15 வாட் சிப் செகண்ட்-ஹேண்ட் லேப்டாப்களில் இன்னும் நிறையச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான், டர்போ 3.4. அணைத்தால் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். பிரவுசர் திறப்பதிலேயே அந்த இழுவை கைக்குத் தெரியும். கல்யாண ஆல்பம் போடும் ஒரு தம்பி என்னிடம் இதைத்தான் கேட்டான்: "காக்கா (அண்ணன்), டர்போவ ஆஃப் பண்ணுனா ஃபோட்டோஷாப் தெறக்கவே கால் மணி நேரம் ஆயிராதா?" அவன் மெஷினில் இருந்தது இதே வகை சிப். இதற்கு உச்சத்தை 65, 70 சதவீதத்தில் நிறுத்துவதுதான் சரி. கிட்டத்தட்ட 2.2 முதல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். வோல்டேஜ் செங்குத்தாக ஏறும் பகுதியைத் தவிர்த்த மாதிரியும் ஆச்சு, வேலை நகர்ந்த மாதிரியும் ஆச்சு. விண்டோஸுக்கு மாற்றான இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸில், இன்டெல் சிப்பை இயக்கும் டிரைவர் இந்தச் சதவீத உச்சவரம்பை நேரடியாகவே ஏற்றுக்கொள்ளும். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் சிப்களில் பூஸ்ட்டை (டர்போவுக்கு அங்கே அதுதான் பெயர்) அணைக்கத் தனி சுவிட்ச் உண்டு. அதிகபட்ச வேகத்தை மெகாஹெர்ட்ஸ் கணக்கிலும் நிறுத்தலாம்.

பழைய பென்டியம், செலரான் மெஷின்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் சில வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. டர்போவே இல்லாத சிப்பில் எதை அணைப்பது? ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள், புது பேட்டரி கிடைத்தால் மாற்றுங்கள். கவர்னரை (வேகத்தை முடிவு செய்யும் மென்பொருள்) அதன் போக்கில் விடுங்கள்.

கவர்னர் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

லினக்ஸில் வேகத்தை முடிவு செய்யும் பகுதிக்கு கவர்னர் என்று பெயர். 2004இல் வந்த ஆன்டிமாண்ட், வேலைப் பளுவை அவ்வப்போது எட்டிப் பார்த்து வேகத்தை மாற்றியது. 2016இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.7 பதிப்போடு வந்த ஸ்கெட்யூட்டில், எந்த வேலை எந்தக் கோருக்குப் போகிறது என்று பிரித்துக்கொடுக்கும் பகுதியிடமே நேரடியாகத் தகவல் வாங்கிக்கொள்கிறது. பழைய டிரைவரில் பவர்சேவ் என்று வைத்தால் சிபியு அடிமட்ட வேகத்திலேயே பூட்டப்படும். மேலே கணக்குப் போட்ட அந்த 50 நிமிட நிலைமைதான். ஆனால் 2013இல் வந்த இன்டெல்லின் பி-ஸ்டேட் டிரைவரில் அதே பவர்சேவ், வேலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும் இயல்பான நிலை. யாரோ சொன்னார்கள் என்று இதை மாற்றி பெர்ஃபார்மன்ஸில் வைத்துவிட்டு, பேட்டரி நிற்கவில்லை என்று வருகிறவர்கள் உண்டு.

2015இல் ஸ்கைலேக் சிப்களோடு வந்த ஸ்பீட் ஷிஃப்ட் இந்த ஆட்டத்தையே மாற்றிவிட்டது. வேகத்தை நொடிக்கு நொடி முடிவு செய்வது இப்போது சிப்பேதான். ஆபரேட்டிங் சிஸ்டம் ஒரு விருப்பத்தை மட்டும் சொல்கிறது: வேகம் முக்கியமா, மிச்சம் முக்கியமா, நடுவிலா. ஏஎம்டியும் இதே பாதைக்கு வந்துவிட்டது. அதன் பி-ஸ்டேட் டிரைவர் 2022இல் லினக்ஸில் சேர்ந்தது. ஆகவே இந்தப் பத்தாண்டு சிப் வைத்திருப்பவர்கள் கவர்னரை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பெரிய பலன் இல்லை. மாற்ற வேண்டியவை இரண்டு: அந்த விருப்பமும், உச்சவரம்பும்.

எந்தக் கருவி?

லினக்ஸ் வகைகளான உபுண்டு, ஃபெடோராவின் புதிய பதிப்புகளைப் போட்டிருப்பவர்களுக்குத் திரையின் மூலையிலேயே பவர் சேவர், பேலன்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று தேர்வுகள் கிடைக்கும். பின்னால் இருந்து இதைச் செய்வது பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற புரோகிராம். ஃபெடோரா 41 முதல் அந்த வேலையை டியூண்ட் என்ற இன்னொரு புரோகிராம் பார்க்கிறது. பவர் சேவரைத் தொட்டால் சிப்பிடம் மிச்சமே முக்கியம் என்று சொல்லப்படும். லேப்டாப்பை வெறும் கருவியாகப் பயன்படுத்தும் ஆசிரியர், நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், காலேஜ் பிள்ளைகள் என்று பெரும்பாலானோருக்கு இது போதும் என்பது என் தீர்ப்பு. ஒரே குறை, ஆள்தான் தொட வேண்டும். கரண்ட் போனதும் தானாக மாறும் என்று நம்பி இருக்க முடியாது.

தானாக மாற வேண்டும் என்றால் டிஎல்பி என்ற லினக்ஸ் புரோகிராம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சார்ஜரில் இருக்கும்போது ஒரு அமைப்பு, பேட்டரியில் வேறொரு அமைப்பு என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அதை நினைக்கவே வேண்டாம். பேட்டரியில் டர்போ வேண்டாம், அல்லது உச்சம் 70 சதவீதம் என்று ஒரு வரி. சிபியுவோடு நிற்காமல் வைஃபை, யுஎஸ்பி, எஸ்எஸ்டி, பிசிஐ இணைப்புகள் எல்லாவற்றையும் ஓய்வு நேரத்தில் தூங்க வைக்கும். சும்மா திறந்து கிடக்கும் மெஷினில் அரை வாட், ஒரு வாட் என்று குறைவது பெரும்பாலும் இந்த மற்றவற்றால்தான். நம் இலக்கு 6.4 வாட் எனும்போது ஒரு வாட் சின்ன விஷயம் இல்லை. டிஎல்பி போடுகிறவர்கள் பவர் புரொஃபைல்ஸ் டீமனை நீக்கிவிட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் எழுதும். இரண்டையும் வைத்திருந்தால் எது கடைசியாக எழுதியது என்பது யாருக்கும் தெரியாது.

ஆட்டோ-சிபியுஃப்ரெக் என்று ஒன்றும் இருக்கிறது. பளுவையும் சூட்டையும் பார்த்து டர்போவை அணைத்து அணைத்துப் போடும். 2015க்கு முந்தைய சிப்களில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. புதிய சிப்பில், சில மில்லிசெகண்டில் சிப் தானே எடுக்கும் முடிவுக்கு மேல் சில நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் ஒரு புரோகிராம் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறது? நான் யாருக்கும் இதைப் போட்டுக்கொடுப்பதில்லை.

வோல்டேஜை மட்டும் குறைக்கும் அண்டர்வோல்ட் வழி ஒரு காலத்தில் அருமையாக வேலை செய்தது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த பிறகு பல லேப்டாப்களில் பயாஸ் (மெஷினை முதலில் எழுப்பும் உள்மென்பொருள்) அப்டேட் அதைப் பூட்டிவிட்டது. அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்ப வேண்டாம்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் பவர் மோடைத் திறந்து பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி என்று வைத்தாலே பாதி வேலை முடிந்தது. அதற்கு மேல் வேண்டுமானால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு பகுதி, அதற்குள் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட். ஆன் பேட்டரி என்ற இடத்தில் 100ஐ 99 ஆக்கினால் பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் டர்போ அணைந்துவிடும். ஒரே ஒரு எண்ணில் இவ்வளவு வித்தியாசம் என்று ஆச்சரியப்படுவார்கள்; 99 என்றால் அடிப்படை வேகத்தோடு நில் என்று சிஸ்டம் எடுத்துக்கொள்கிறது. பல புதிய லேப்டாப்களில் இந்த வரியே மறைந்திருக்கும். அதைத் தோண்டி எடுக்க ரெஜிஸ்ட்ரி வரை போகாமல், பவர் மோடோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 8250யு போன்ற சிப்புக்கும் அதே அறிவுரைதான், ஏனென்றால் 70 சதவீதம் என்ற நடுநிலையை விண்டோஸில் எளிதாகப் பிடிக்க முடியாது.

கடற்கரைக்கு என்று ஒரு கணக்கு

பெங்களூரில் ஏசி அறையில் இருப்பவர் எழுதிய அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது. ஷட்டவுன் நாளில் ஃபேனும் நின்றுபோகும். சித்திரை வெயிலில் அறைக்குள்ளேயே 34, 35 டிகிரி இருக்கும்போது லேப்டாப்பின் ஃபேன் உள்ளே இழுப்பதும் அதே காற்றுத்தான். சிபியு 95, 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தை வெட்டிவிடும். டர்போவுக்கு ஏறுவது, சூடேறுவது, வெட்டுப்படுவது, மறுபடி ஏறுவது என்று போனால் செலவும் ஆகிறது, வேகமும் நிற்பதில்லை. இந்த நிலைமையில் உச்சவரம்பு போட்ட மெஷின் சில சமயம் வரம்பு போடாத மெஷினைவிடச் சீராக வேலை முடிக்கும். சூடு பேட்டரியின் ஆயுளையும் தின்னும். முழு சார்ஜில் எப்போதும் செருகி வைத்திருப்பதும் அப்படியே. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி லெனோவா, ஏசுஸ், டெல் மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. டிஎல்பியும் ஆதரவுள்ள மெஷின்களில் இதைச் செய்யும். அறிவிப்பு வந்த நாளுக்கு முந்தின இரவு மட்டும் 100க்கு விடுங்கள்.

அப்புறம் உப்பு. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஜன்னலோரம் வைத்துப் பயன்படுத்திய ஒரு லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஃபேன் காற்று வெளியேறும் இடத்தில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். அவற்றின் உள்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களின் தூசு காய்ந்து உதிரும். இது உதிராது, விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், ஏனென்றால் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. செம்புக் குழாயின் ஓரத்தில் பச்சையும் பூத்திருக்கும். பிளோயரால் ஊதினால் இது போகாது. ஃபேனைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்து, தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் எந்த மென்பொருளைப் போட்டாலும் மெஷின் சூட்டிலேயே நிற்கும். கவர்னர், டிஎல்பி எல்லாம் இதற்கு அடுத்த வரிசையில்தான்.

வெளிச்சமும் நம் ஊர்ப் பிரச்சினைதான். கரண்ட் இல்லை என்று திண்ணைக்கு வந்து உட்கார்ந்தால் கடல் பக்கத்து வெயிலுக்குத் திரையை உச்சத்துக்கு ஏற்றாமல் எழுத்துத் தெரியாது. பாதி வெளிச்சத்துக்கும் முழு வெளிச்சத்துக்கும் இடையே இரண்டு மூன்று வாட் போய்விடும். சிபியுவில் பிடித்த மிச்சம் முழுவதும் அதில் கரையும். முதுகை வெயிலுக்குக் காட்டாமல், திரை சுவரைப் பார்க்கும்படி திரும்பி நிழலுக்குள் உட்காருங்கள்; வெளிச்சத்தைக் குறைத்து வைக்க முடியும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? அப்படியானால் கணக்கே வேறு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் பெயரளவில் 1,800 வாட்-அவர். பழைய சீலிங் ஃபேன் ஒன்றே 70 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேன் என்றால் 30 சொச்சம். அந்தக் கூட்டத்தில் லேப்டாப்பின் 15 வாட் யார் கண்ணிலும் படாது. இன்வெர்ட்டர் வீட்டில் லேப்டாப்பைப் பிழிந்து மிச்சம் பிடிப்பதைவிட ஒரு ஃபேனை மாற்றுவது பல மடங்கு பலன் தரும். அங்கே உச்சவரம்பு வேண்டியது சூட்டுக்காக மட்டும்.

வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எக்ஸ்போர்ட் வேலையை பேட்டரியில் ஓட்டவே வேண்டாம்; எந்த அமைப்பும் அதற்கு ஏழு மணி நேரம் தராது. ஷட்டவுன் நேரத்தில் கட்டிங், டெக்ஸ்ட், கிளிப் பிரிப்பது போன்ற வேலைகளை உச்சவரம்போடு செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டை மாலை 5 மணிக்கு மேல் சார்ஜரில், முழு டர்போவில் விடுங்கள். அங்கே சிபியுவைக் கட்டிப்போடுவதில் அர்த்தமில்லை. வேலை சீக்கிரம் முடிவதுதான் லாபம்.

எதைப் போட்டாலும் போடும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். லினக்ஸில் பவர்டாப் என்ற புரோகிராமைத் திறந்து, சார்ஜரைக் கழற்றி, ஐந்து நிமிடம் ஒன்றும் தொடாமல் விட்டால் பேட்டரியிலிருந்து எத்தனை வாட் போகிறது என்று காட்டும். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் வாங்கியபோது இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் வரும். அந்த இரண்டாவது எண்ணை வாட்-அவர் கணக்குக்கு மாற்றி ஏழால் வகுத்தால் உங்கள் மெஷினின் இலக்கு வாட் கிடைக்கும். சும்மா இருக்கும்போதே அதைத் தாண்டுகிறது என்றால் சிபியு அமைப்பைத் தொடாதீர்கள். முதலில் திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பின்னால் ஓடும் புரோகிராம்களை மூடுங்கள், அடி மூடியைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது சரி, வேலை செய்யும்போது மட்டும் எகிறுகிறது என்றால்தான் உச்சவரம்புக்கு வேலை. 70 சதவீதத்தில் தொடங்கி, கை இழுவையை உணராத வரை கீழே கொண்டுவாருங்கள்; உணர்ந்த இடத்திலிருந்து ஒரு படி ஏற்றி அங்கேயே விட்டுவிடுங்கள்.